முதுகில் 20 கிலோ, கையில் 45 நிமிடம்: காட்டுத்தீ வீரர்களின் சுமைநடைத் தேர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆவணி மாதம் திருநெல்வேலியில் எங்கள் தெருவிலுள்ள அண்ணாச்சி ஒருவர் புது முதுகுப்பையோடு வீட்டுக்கு வந்தார். வயது 58. வங்கி வேலை. சர்க்கரைக்கு ஒன்பது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். "தம்பி, முதுகில் சுமை வைத்துக்கொண்டு நடந்தால் இதயத்துக்கு ரொம்ப நல்லதாம். ராணுவத்தில் இப்படித்தான் பழக்குகிறார்களாம். 20 கிலோ போட்டு நாளைக்கே தொடங்கப் போகிறேன்" என்றார். பையைத் திறந்து பார்த்தேன். அரிசி மூட்டையும் இரண்டு செங்கல்லும் இருந்தன.

"நாளைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் அன்று சொன்னேன். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் விரிவான இடம் வேண்டும். அவர் சொன்ன அதே 20 கிலோவை, அவர் வயதை ஒத்த ஆண்களும் சுமந்து நடந்த நிகழ்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கப் போகிறவர்களுக்கு வைக்கப்படும் 'பேக் டெஸ்ட்' என்னும் சுமைநடைத் தேர்வுதான் அது. சுமைநடை இதயத்துக்கு எப்போது மருந்தாகிறது, எப்போது ஆபத்தாகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் அங்கேதான் போய் நிற்கிறேன்.

தேர்வு பிறந்த விதம்

காட்டுத்தீ அணைப்பு என்றதும் தண்ணீர் பீய்ச்சும் குழாய்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி மண்வேலை. ஒருபுறம் கோடாரியும் மறுபுறம் கொத்துவெட்டியும் கொண்ட 'புலாஸ்கி' என்ற கருவியால் சருகையும் வேரையும் வெட்டி அகற்றி, வெறும் மண் தெரியும் வரை நீளமாகத் தடம் வெட்டுவார்கள். தீ அந்தத் தடத்தைத் தாண்டாமல் நிற்க வேண்டும். கருவிகள், தண்ணீர், அவசரகாலத்தில் போர்த்திக்கொள்ளும் தீக்காப்புக் கூடாரம் எல்லாவற்றையும் முதுகில் சுமந்தபடி மலைச்சரிவில் நாள் முழுக்க இந்த வேலை நடக்கும்.

இதற்கு ஆளெடுக்க 1975 முதல் அமெரிக்க வனத்துறை 'ஸ்டெப் டெஸ்ட்' வைத்திருந்தது. ஆண்களுக்கு 40 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. உயரமுள்ள பலகையில் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு 15 விநாடிகளுக்கு நாடித்துடிப்பை எண்ணுவார்கள். எளிய தேர்வுதான், ஆனால் நாடித்துடிப்பை நம்பியிருந்தது. காலையில் காபி குடித்துவிட்டு வந்தவருக்குத் துடிப்பு கூடும். பயந்தவருக்கும் கூடும், வெயில் ஏறினாலும் கூடும். முதுகும் தொடையும் சுமை தாங்குமா என்பதையோ அது காட்டவே இல்லை.

1990களில் மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரிலிருக்கும் வனத்துறைத் தொழில்நுட்ப மையத்தில், உடற்பயிற்சி உடலியல் அறிஞர் பிரையன் ஷார்க்கியின் வழிகாட்டுதலில் புதுத் தேர்வு உருவானது. பழைய ஸ்டெப் டெஸ்டை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. தாமே தந்த அளவுகோலின் குறையைக் கண்டு, தாமே அதை மாற்ற முன்வந்ததற்காக அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு.

புதுத் தேர்வின் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 45 பவுண்டு, அதாவது 20.4 கிலோ எடையுள்ள பையைச் சுமந்து, சமதரையில் 3 மைல், அதாவது 4.8 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக் கூடாது, துள்ளு நடையும் கூடாது. கணக்குப் போட்டால் மணிக்கு 6.4 கி.மீ. வருகிறது. நம் ஊர் மைதானங்களில் காலை நடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டே போகும் வேகம் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கி.மீ.தான்.

உடல் எடைக்கேற்பச் சுமை குறைவதும் இல்லை. 80 கிலோ ஆணுக்கு 20 கிலோ என்பது அவர் எடையில் கால்பங்கு. 50 கிலோ பெண்ணுக்கோ ஐந்தில் இரண்டு பங்கு. காட்டில் கருவியின் எடை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை என்பது தேர்வு வைத்தவர்களின் வாதம். வேலைக்கு ஆளெடுக்க அது நியாயம்தான். இதயத்தைப் பேண நினைக்கிறவர் இந்த எண்ணைக் கடன் வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

அந்த 45 நிமிடத்தில் இதயம் செய்யும் வேலை

இந்தத் தேர்வில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 22.5 மி.லி. அளவில் ஆக்சிஜன் செலவாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைப்போல இது ஆறரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. தடம் வெட்டும் வேலைக்கும் ஏறத்தாழ இதே செலவுதான் ஆகிறது. அதனால்தான் இந்த வேகத்தையும் இந்தச் சுமையையும் தேர்ந்தெடுத்தார்கள்.

மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை செய்துகொண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் ஏற்றுவார்கள். இரண்டாம் கட்டத்தில் மணிக்கு 4 கி.மீ. வேகம், 12 சதவீதச் சரிவு. அந்த இரண்டாம் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒருவரை நிறுத்திவைத்து, 45 நிமிடம் இறங்கவிடாமல் நடக்கவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பேக் டெஸ்ட். அங்கேயாவது மார்பில் கம்பிகள் ஒட்டியிருக்கும், டாக்டர் பக்கத்தில் நின்று இ.சி.ஜி. பார்த்துக்கொண்டிருப்பார்.

உயிரிழப்புகள்

1990 முதல் 2006 வரை அமெரிக்காவில் காட்டுத்தீப் பணியில் 310 பேர் இறந்தார்கள். தீ சூழ்ந்து இறந்தவர்கள் 64 பேர். மாரடைப்பில் இறந்தவர்கள் 68 பேர். தீ அணைக்கப் போனவர்களைத் தீயைவிடச் சொந்த இதயமே அதிகமாகப் பலிகொண்டிருக்கிறது. முதன்முறை இந்தக் கணக்கைப் படித்தபோது தவறாகப் படித்துவிட்டேனோ என்று மீண்டும் பார்த்தேன்.

நகரத் தீயணைப்பாளர்களையும் சேர்த்து 1994 முதல் 2004 வரையிலான சாவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. பணியில் இறந்த 1,144 பேரில் 449 பேர் இதயத் தமனி நோயால் போனவர்கள். அந்த 449இல் 12.5 சதவீதச் சாவுகள் உடற்பயிற்சியின்போது நேர்ந்தவை. அவர்கள் நெருப்பின் பக்கத்தில்கூட இல்லை.

பேக் டெஸ்டிலும் உயிர்கள் போயிருக்கின்றன. நடக்கும்போதே விழுந்தவர்கள் உண்டு, முடித்து உட்கார்ந்ததும் சரிந்தவர்களும் உண்டு. பணியில் இறந்த தீயணைப்பு வீரர்கள் பலரின் சாவுகளை 1998 முதல் அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இதயச் சாவு அறிக்கைகளை வாசித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். நடுவயதைத் தாண்டியவர். உடற்கூறு ஆய்வில் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிமம், பல நேரம் வீங்கிய இதயம். முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை ஒன்று நோயைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்ற பரிந்துரை.

தேர்வு வைக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். தீப்பருவம் தொடங்குவதற்கு முன், அதாவது குளிர்காலம் முடிந்த கையோடு தேர்வு வரும். வருகிறவர்களில் எல்லோரும் முழுநேர வீரர்கள் அல்லர். பருவத்தில் மட்டும் உதவிக்குப் போகும் அலுவலக ஊழியர்களும் சிற்றூர்த் தன்னார்வலர்களும் இருப்பார்கள். பனிக்காலம் முழுதும் நாற்காலியிலும் வண்டியிலும் கழித்த உடல் ஒருநாள் காலையில் 20 கிலோவை எடுத்து மாட்டுகிறது.

சுமையா, பழக்கமின்மையா?

மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரிடம் அது வருவதற்கு முந்தைய மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று விசாரித்த ஆய்வு ஒன்று 1993இல் வெளியானது. ஓய்வைப்போல ஆறு மடங்கு அல்லது அதற்கு மேல் ஆற்றல் செலவாகும் வேலையை 'கடும் உழைப்பு' என்று அது வகுத்தது. அப்படிப்பட்ட உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வாரத்தில் ஐந்து நாளாவது கடுமையாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு 2.4 மடங்கு கூடியது. வாரத்தில் ஒருமுறைகூடச் செய்யாதவர்களுக்கோ 107 மடங்கு.

ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. அதை 107ஆல் பெருக்கினாலும் பெரிய எண்ணாகிவிடாது. எனவே இதைப் படித்துவிட்டு நடையையே நிறுத்துவது பெரும் தவறு. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது 2.4க்கும் 107க்கும் நடுவிலுள்ள தூரம். உழைப்பு ஒன்றேதான், எல்லா வேறுபாடும் பழக்கத்தில் இருக்கிறது. பேக் டெஸ்டின் ஆற்றல் செலவோ அந்த ஆறு மடங்கு எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது.

பழகாத உடல் திடீரென்று கடுமையாக உழைக்கும்போது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறுகின்றன. தமனிச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிமத்தின் மெல்லிய மூடி அந்த அழுத்தத்தில் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைக்கும். சுமைநடையில் இன்னொன்றும் சேர்கிறது. தோள்பட்டையை இழுக்கும் வார், குனிந்து விறைத்த முதுகு, வாரை இறுக்கிப் பிடித்த கை எல்லாம் அசையாத தசை இறுக்கம். அது தனியாகவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மார்பை நெருக்கும் வார் மூச்சின் ஆழத்தையும் குறைக்கும்.

ஒரு கணக்கு

சுமைநடை சாதாரண நடையைவிட இரண்டு மூன்று மடங்கு ஆற்றலை எரிக்கும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அண்ணாச்சியும் அதை நம்பித்தான் செங்கல் வைத்தார். சரிபார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தைச் சேர்ந்த பாண்டால்ஃபும் தோழர்களும் 1977இல் வெளியிட்ட சமன்பாடு, சுமை, வேகம், சரிவு மூன்றையும் வைத்து உடலின் ஆற்றல் செலவைக் கணிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டேன்.

சமதரையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வெறும் உடலோடு நடந்தால் 264 வாட். 5 கிலோ சுமந்தால் 279. 10 கிலோ சுமந்தால் 296. 20 கிலோ சுமந்தால் 339. இப்போது பையை இறக்கி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மணிக்கு 6 கி.மீ. ஆக்கினால் 340 வாட். முதுகில் 20 கிலோ தரும் உழைப்பை, ஒரு கி.மீ. வேகம் கூட்டினாலே பெற்றுவிடலாம். பையும் இல்லை, வேகமும் பழைய 5 கி.மீ.தான், ஆனால் பாதை 5 சதவீதச் சரிவில் ஏறுகிறது என்றால்? 409 வாட்.

களத்தில் சோதித்தவர்கள் இந்தச் சமன்பாடு உண்மைச் செலவைச் சற்றுக் குறைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் மூன்று மடங்குப் பேச்சு நிற்காது. இதயத்துக்காக நடக்கிறவர் முதலில் கூட்ட வேண்டியது வேகம், அடுத்தது ஏற்றம், அதற்குப் பிறகுதான் சுமை என்பது என் உறுதியான கருத்து. சுமைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. முழங்கால் ஓட ஒத்துழைக்காதவர், மனைவியின் வேகத்துக்கு இணையாக நடக்க விரும்பும் கணவர், ஏற்றமே இல்லாத ஊர்க்காரர் ஆகியோருக்கு அது நல்ல துணை. தொடையும் இடுப்பும் முதுகும் வலுப்பெறும். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் ஓட்டத்தின் அதிர்ச்சியும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சபரிமலைப் பாதையிலுள்ள அப்பாச்சிமேடு நினைவுக்கு வந்தது. பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறத்தாழ ஐந்து கி.மீ., பேக் டெஸ்டின் தூரம்தான். இருமுடியின் எடை அதிகமில்லை. ஆனாலும் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்களில் ஒவ்வொரு பருவத்திலும் பக்தர்கள் மாரடைப்பால் சாய்கிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் உண்டு. கேரள அரசு அந்த இரண்டு இடங்களிலும் இதய சிகிச்சை மையங்களை நடத்துவதும், வழிநெடுக ஆக்சிஜன் வைத்திருப்பதும் அதனால்தான். தலையிலுள்ள சுமையைவிடக் காலடியிலுள்ள சரிவுதான் அங்கே இதயத்தைச் சோதிக்கிறது.

என்ன மாற்றினார்கள்?

தேர்வைக் கைவிடவில்லை. அதற்கு முன்னால் இரண்டு படிகளைக் கட்டினார்கள்.

ஒன்று, கேள்வித்தாள். நெஞ்சுவலி வந்திருக்கிறதா, மூச்சிரைப்பு உண்டா, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, உடலுழைப்பில்லாத வாழ்க்கை என்று அது கேட்கும். ஆபத்தான பதில் வந்தால் டாக்டர் பார்க்காமல் தேர்வுக்களத்துக்கு வர முடியாது. களத்திலும் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஆயத்தம். குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே தொடங்கச் சொல்கிறது மிசூலா மையம். முதலில் அதே 4.8 கி.மீ. தூரத்தைப் பையே இல்லாமல் நடக்க வேண்டும். அதை 45 நிமிடத்துக்குள் முடிக்க முடிந்த பிறகே பை. அதிலும் முதல் சுமை 11 கிலோவைச் சுற்றித்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். நடுவில் சில நாள் பையோடு மலையேற்றம், சில நாள் பையில்லாமல் மெல்லோட்டம். தேர்வில் போடப்போகும் அதே காலணியோடு பழக வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கொப்புளம் பட்டவருக்குத்தான் இந்த அறிவுரையின் அருமை தெரியும்.

இது இளம் வீரர்களையும் மனத்தில் வைத்து எழுதிய அட்டவணை. நம் 58 வயதுக்காரர் 11 கிலோவில் தொடங்கக் கூடாது. இரண்டு மூன்று கிலோ போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுகொள்வது நல்லது. அதற்கு மேல் சுமப்பதால் இதயத்துக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மையைவிட முதுகுக்கும் முழங்காலுக்கும் விழும் விலை பெரிது. வாரத்தில் இரண்டு நாள் சுமை, மற்ற நாள்களில் வெறும் நடை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை இப்படியே நிரப்பிவிடலாம்.

அண்ணாச்சியிடம் வலியுறுத்திச் சொன்ன சிலவற்றை இங்கேயும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி உழைப்பை அளக்கக் கூடாது. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே மேல். பை முதுகை மூடிக்கொள்வதால் வியர்வை ஆற இடமில்லை, எனவே சித்திரை வைகாசி வெயிலில் சுமையை மறந்துவிட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கலாம். கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும் என்பதால் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

கை மரத்துப்போவதைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். வார் தோளில் அழுந்தினால் நரம்பு நெரிந்து கை மரக்கும். ராணுவத்தில் நெடுநாளாகத் தெரிந்த தொல்லை அது. இதய வலியும் இடக்கையில் இறங்கக்கூடும். "பை அழுத்தியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு நடையைத் தொடர்வதுபோல ஆபத்து வேறில்லை. பையை உடனே இறக்கி உட்கார வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, தாடையில் வலியோ, காரணமில்லாத வியர்வையோ கூடவே இருந்தால் அடுத்த அழைப்பு 108க்குத்தான். வார்தான் காரணமோ என்று அங்கேயே நின்று யோசிக்கக் கூடாது.

அண்ணாச்சி

அவர் முதலில் டாக்டரைப் பார்த்தார். டிரெட்மில் சோதனையில் குறை தெரியவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் கூடியிருந்தது, அதற்கு மாத்திரை தொடங்கினார்கள். புரட்டாசி முழுதும் பையில்லாமல் நடந்தார். ஐப்பசியில் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தைச் சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியும், கூடவே போனேன்.

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டார். "41 நாள் விரதம் என்பது கிட்டத்தட்ட உங்கள் அமெரிக்காக்காரன் சொன்ன ஆறு வாரம்தானே தம்பி" என்று அவரே கேட்டார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் பையை எடுத்தார். மூன்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், மூன்று கிலோ. தண்ணீரைச் சுமையாக வைத்தால் களைத்ததும் ஊற்றிவிடலாம், இறக்கத்தில் முழங்காலையும் காப்பாற்றலாம். நடை முடிந்ததும் தெருமுனையில் போன ஆண்டு நட்ட வேப்பங்கன்றுக்கு அந்த மூன்று லிட்டரையும் ஊற்றுவார்.

மார்கழியில் நீலிமலையை மூன்று இடங்களில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஏறியதாக வந்து சொன்னார். செங்கல் இரண்டும் இப்போது அவர் வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குடத்துக்கு முட்டுக் கொடுக்கின்றன.